மூன்றாம் மாடியில் ஒரு காலி மூலை

உங்கள் அறையின் மின்விசிறி ஆடுவதற்குக் காரணம் விசிறி இல்லை. மேலே கொக்கி தேய்ந்திருக்கிறது. நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது நான் சொல்லிவிட்டேன், நீங்களும் கேட்டுவிட்டீர்கள். ஆகவே இனிமேல் அது யார் தலையில் விழுந்தாலும் பொறுப்பு உங்களுடையது. சற்று முன்பு வரை நீங்கள் நிரபராதி.

பயப்பட வேண்டாம், இன்றைக்கு விழாது. தெரிந்துகொள்வது எவ்வளவு ஆபத்தான காரியம் என்பதற்காகச் சொன்னேன். என் கால் ஆடுவதையும் பொருட்படுத்தாதீர்கள். சில வாரங்களாக அது தன்பாட்டுக்கு ஆடுகிறது. நடுவில் எழுந்து நான்கு எட்டு நடந்தால் கொஞ்சம் அடங்கும். மற்றபடி நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்.

என் கட்டடத்தை விசாரணைக்காக நீங்களே வந்து பார்த்திருக்கிறீர்கள். கடைத்தெரு முனையில், தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி. முகப்பில் பித்தளை எழுத்தில் என் பெயர். கட்டும்போது லிஃப்ட் வைப்பதாகத்தான் இருந்தது. அதற்காகத் தரையிலிருந்து மேல்மாடி வரை கிணறு மாதிரி ஒரு குழியை எழுப்பினோம். பிறகு லிஃப்ட் என்ன விலை என்று விசாரித்தேன். விசாரித்த பிறகு, கடவுள் மனிதனுக்குக் கால் கொடுத்திருப்பதன் அருமை எனக்குப் புரிந்தது.

லிஃப்ட் இல்லாத லிஃப்ட் குழியை வைத்துக்கொண்டு ஒருவன் என்ன செய்வான். கீழ்த்தளத்திலும் அடுத்த இரண்டு மாடிகளிலும் அதன் வாசலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டோம். மூன்றாம் மாடியில் மட்டும் அப்படி அடைக்க மனம் வரவில்லை. அந்த இடத்தையும் அறையோடு சேர்த்துக்கொண்டால் வாடகைக்கு விடும் இடம் கூடுமே. குழியின் வாய்க்குக் குறுக்கே மரச்சட்டங்கள் கொடுத்து, பிளைவுட் பலகை போட்டு, அறை முழுவதற்கும் பூப்போட்ட தரைவிரிப்பை ஒட்டினேன். எங்கே சிமெண்டுத் தரை முடிகிறது, எங்கே பலகை தொடங்குகிறது என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பகுதியை நானே முட்டி போட்டு ஒட்டினேன். கொத்தனார் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அவன் வேலை முடிந்த கையோடு வெளிநாட்டுக்குப் பறந்துவிட்டான். ஒருவகையில் அதுவும் நல்லதாகப் போயிற்று.

என் மனைவி ஒருநாள் வந்து பார்த்தாள். அந்த மூலையில் போய் நின்று உடம்பை லேசாக ஆட்டினாள்.

"என்னங்க இது, காலுக்கு அடியில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு."

"உன் செருப்பு அப்படி."

"செருப்பை வாசல்லயே விட்டுட்டுத்தான் வந்தேன்."

அவளுக்கு எப்போதும் இப்படி ஒரு வாய். நான் அவளைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

அந்த மாடிக்கு ஒரு மெத்தைக்காரர் குடிவந்தார். பஞ்சு, ஃபோம், தையல் இயந்திரம் என்று அறையை நிறைத்துவிட்டார். நல்ல மனிதர், வாடகை தவறியதில்லை. அவரிடம் மட்டும் சொன்னேன்: "அந்த மூலையில சாமான் எதுவும் வெக்காதீங்க. ஈரம் இறங்குது. சரக்கு வீணாப் போயிடும்." அவரும் வைக்கவில்லை. சாமான் நிறைந்த அந்த அறையில் அந்த ஒரு மூலை மட்டும் துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருக்கும். புதிதாக உள்ளே வருகிறவன் கால் வைக்க வசதியான ஒரே இடம் அதுதான்.

இப்போது சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டட உரிமையாளர் சங்கத்தின் தலைவராக நான் பல வருடம் இருந்தேன். போட்டியிட யாரும் இல்லாததால் ஒருமனதாகவே தேர்ந்தெடுக்கப்படுவேன். கூட்டம் நடத்துவது, நன்றியுரை கேட்பது, பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொள்வது ஆகியவை எங்கள் பணிகள். ஒருமுறை 'உரிமையாளரின் சட்டப் பொறுப்புகள்' என்ற தலைப்பில் பேச என் மனைவியின் தம்பியைக் கூப்பிட்டிருந்தேன். அவன் வக்கீல். வீட்டில் பிரிட்ஜைத் திறந்து பாத்திரத்தோடு தின்கிறவன், மேடையில் கோட்டு போட்டுக்கொண்டு நின்றபோது எனக்கே எழுந்து நிற்கலாமா என்று இருந்தது.

வாடகைதாரர், விருந்தாளி, அத்துமீறி நுழைகிறவன் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தான். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அப்போது எங்கள் பொருளாளர், நாலு வரிசை கடைகளுக்குச் சொந்தக்காரர், கையைத் தூக்கினார்.

"தம்பி, நெருப்பு அணைக்க வர்றவன் என் மாடிப்படியில விழுந்து காலை ஒடைச்சுக்கிட்டான்னா, நான் அழணுமா?"

"நெருப்பு, புகை, எரிஞ்ச சுவர் இடிஞ்சு விழுறது, இதெல்லாம் அவங்க தொழில்ல இருக்கிற ஆபத்து. தெரிஞ்சுதான் உள்ள வர்றாங்க. பொதுவா அதுக்கு உங்களைப் பிடிக்க மாட்டாங்க. சட்டம் எடத்துக்கு எடம் கொஞ்சம் மாறும், ஆனா அடிப்படை இதுதான்."

"நெருப்பு பிடிச்சதே என் கவனக்குறைவாலன்னா?"

"பெரும்பாலும் அப்பவும் இல்லை."

தூங்கியவர்கள் எழுந்துகொண்டார்கள். மண்டபத்தில் ஒரு சந்தோஷம் பரவியது.

"ஆனா ஒண்ணு," என்றான் மைத்துனன். "அவங்களால கண்டுபிடிக்கவே முடியாத ஆபத்து ஒண்ணு உள்ள இருக்கு. அது உங்களுக்குத் தெரியும். சொல்ல நேரமும் இருந்தது. சொல்லலை. அப்ப மாட்டிக்குவீங்க."

"தெரியாதுன்னா?"

"தெரியாதுன்னா வேற கதை."

"அப்புறம் எதுக்குங்க தெரிஞ்சுக்கணும்," என்றார் பொருளாளர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தப் பேச்சின் பலனை நான் கண்ணால் பார்த்தேன். மாதம் ஒருமுறை மொட்டைமாடி ஏறித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவந்த செயலாளர் ஏறுவதை நிறுத்திவிட்டார். இன்னொருவர் எலக்ட்ரீஷியனிடம், பழுது பார்த்தால் போதும், என்ன பழுது என்று தன்னிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவைத்தார். பொறுப்பை உணர்த்த நடத்திய கூட்டம். எல்லோரும் பொறுப்பாக அறியாமையைக் கடைப்பிடிக்கத் தொடங்கினோம். எனக்குத்தான் அது கஷ்டமாக இருந்தது. முட்டி போட்டு ஒட்டியவனுக்கு எப்படித் தெரியாமல் போகும். ஆனாலும் முயற்சி செய்தேன். அந்த மாடிக்குப் போவதை விட்டேன். நாளாக ஆக, அந்த மூலையைப் பற்றி நினைப்பு வந்தாலே எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். வீட்டில் அவள்கூடச் சொன்னாள்: "ஒரு எடத்துல உக்காருங்களேன். பம்பரம் மாதிரி சுத்திக்கிட்டே இருந்தா எனக்குத் தலை கிறுகிறுங்குது."

நெருப்பு ஒரு மதிய வேளையில் பிடித்தது. மெத்தைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். நான் இரண்டாம் மாடியில் சங்க அலுவலகத்தில் இருந்தேன். புகை வாசனை வந்ததும் எல்லோரையும் கீழே இறக்கியது நான்தான், அதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. உயரமாக, ஒல்லியாக ஒருவர் முதலில் குதித்தார். கூட இருந்தவர்கள் அவரைக் கொக்கு என்று கூப்பிட்டார்கள். முதுகில் காற்று சிலிண்டரை மாட்டிக்கொண்டே என் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"சார், இவ்வளவு பெரிய பில்டிங், லிஃப்ட் இல்லையா? நாங்க வெயிட்டைத் தூக்கிட்டுப் படியேறணுமா?"

"டேய் கொக்கு, நெருப்புல எவனாவது லிஃப்ட்ல போவானாடா," என்றார் இன்னொருவர்.

"போகத்தான் கூடாது. இருக்கான்னு கேக்கக் கூடாதா?"

அவர்களுடைய நிலைய அதிகாரி என்னிடம் வந்தார். ஆட்களை உள்ளே அனுப்புவதற்கு முன் உரிமையாளரிடம் கேட்பது அவர்கள் முறையாம். கட்டடத்தைப் பற்றிக் கட்டினவனுக்குத்தான் தெரியும் என்று நம்புகிற பழைய பழக்கம்.

"உள்ள யாராவது இருக்காங்களா?"

"இல்லை. எல்லாரும் வெளிய வந்தாச்சு."

"கேஸ் சிலிண்டர்? கெமிக்கல்?"

"பஞ்சு, ஃபோம், அவ்வளவுதான்."

"பள்ளம், ஓட்டை, பலமில்லாத தரை, அப்படி ஏதாவது?"

தெருவில் கூட்டம் நின்றது. பொருளாளர் நின்றார், செயலாளர் நின்றார். சங்கத்தின் ஆண்டு மலரில் மாதிரிக் கட்டடம் என்று என் கட்டடத்தின் படம்தான் போட்டிருந்தது. மைத்துனன் சொன்னதும் காதில் ஓடியது. தெரியும் என்று சொன்னால் தெரிந்திருந்தது என்று ஆகிவிடும். எத்தனை நாளாகத் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். அப்படி ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும்.

"என் கட்டடத்துல ஒரு குறையும் கிடையாது," என்றேன்.

கொக்கு என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு முகமூடியை மாட்டிக்கொண்டார்.

நெருப்பு பெரிய நெருப்பு இல்லை. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. புகைதான் அடங்கவில்லை. கூடப் போனவர் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார்: "அண்ணே, கொக்கு கீழ வந்தானா?" அதிகாரி இல்லை என்றார். "கூடத்தாண்ணே இருந்தான். மெத்தை அடுக்கு சரிஞ்சுது, திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம்."

என்ன நடந்திருக்கும் என்று எனக்கு உடனே புரிந்தது. காலி மூலையில் கால் வைத்திருப்பார். பக்கத்தில் இருந்த மெத்தை அடுக்கு சரிந்து ஓட்டையை மூடியிருக்கும். அதிகாரி என்னிடம் ஓடிவந்தார். "சார், அந்த ரூமுக்கு வேற வழி இருக்கா? பின்பக்கம் ஏதாவது?" வேறு வழி இல்லை என்றேன். அது உண்மை. அது வழி இல்லை.

நிற்க முடியாமல், கீழ்த்தளத்தில் இருக்கும் கண்ணாடிக்காரர் கடைக்குள் போய் உட்கார்ந்தேன். முகம் பார்க்கும் கண்ணாடிக்கும் படங்களுக்கும் சட்டம் போடுகிறவர் அவர். எல்லோரையும் போல அவரும் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடையின் பின்சுவர் முழுக்கக் கண்ணாடிகள். அந்தச் சுவர்தான், நான் சொன்னேனே, செங்கல் வைத்து அடைத்த வாசல்.

அந்தச் சுவர் தட்டப்பட்டது.

பலமாக இல்லை. மூன்று தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று. ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணாடிகளில் என் முகம் லேசாக அதிர்ந்தது. ஒரே சமயத்தில் அத்தனை இடத்தில் என்னைப் பார்ப்பது நன்றாக இல்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். கோணலாகத் தொங்கிய ஒன்றிரண்டு சட்டங்களை நேராக்கினேன்.

என் நிலையை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். நான் போய்ச் சுவரைக் காட்டினால், சுவருக்குப் பின்னால் குழி இருப்பது எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். வேறு யாராவது கண்டுபிடித்தால், எல்லோரையும் போல நானும் அப்போதுதான் தெரிந்துகொள்கிறேன். மனிதர் உயிரோடு வெளியே வருவார், நானும் தப்புவேன், யாருக்கும் நஷ்டமில்லை. அதற்காகக் கடையின் கண்ணாடிக் கதவை அகலத் திறந்து வைத்தேன். சத்தம் வெளியே போகட்டும் என்றுதான். இதை நீங்கள் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும். அவரைக் காப்பாற்ற என்னால் முடிந்ததைச் செய்தேன்.

தெருவில் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே யாருக்கும் கேட்கவில்லை. கண்ணாடிக்காரர்தான் உள்ளே வந்தார், ஏதோ துணி எடுக்க. வந்தவர் நின்றார்.

"என்ன சத்தம் அது?"

அவர் கண்டுபிடித்தால் நல்லது என்று ஒரு நொடி முன்புவரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் கேட்டது என்னை. என்னிடம் கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டும். பதில் சொன்னால் அது தெரிந்தவன் பதிலாக இருக்கும்.

"தண்ணிக் குழாய்தான். மேல அடிச்ச தண்ணி இறங்குது."

"அப்படியா," என்றார். கட்டட உரிமையாளர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாவம், அவருக்கு இன்னும் தெரியாது. நீங்களும் சொல்ல வேண்டாம்.

சற்று நேரத்தில் பம்பை நிறுத்தினார்கள். அதிகாரியின் குரல் கேட்டது. "எல்லாரும் தயவு செஞ்சு சத்தம் போடாம நில்லுங்க. அவன் சிலிண்டர்ல காத்து தீரப் போனா அதுவே விசில் அடிக்கும். எங்கேர்ந்து வருதுன்னு கேக்கணும்." அவ்வளவு பெரிய தெரு அப்படியே அடங்கியது. ஆட்டோக்காரர்கள்கூட இன்ஜினை அணைத்தார்கள். எங்கள் சங்கக் கூட்டத்தில் அஞ்சலிக்கு நிற்கச் சொன்னால்கூட இப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததில்லை.

சுவருக்குப் பின்னால் விசில் அடித்தது. மெல்லிய, விடாத சத்தம். அடுப்பில் பால் குக்கர் கத்துகிற மாதிரி.

வெளியே புகை வாசம் அதிகமாக இருந்தது. புதுச் சட்டங்களில் வாசம் ஏறினால் போகாது, கண்ணாடிக்காரருக்கு நஷ்டம். அதனால் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். நல்ல கதவு. ஓரத்தில் ரப்பர் கொடுத்து நான்தான் போட்டுக்கொடுத்தேன். சாத்தினால் தெருச் சத்தம் உள்ளே வராது. உள்ளே இருக்கும் சத்தமும் வெளியே போகாது.

அந்திக்கு நனைந்த மெத்தைகளை இழுத்துப் போட்டபோது ஓட்டை தெரிந்தது. கயிறு கட்டி இறங்கி அவரைத் தூக்கினார்கள். வாக்கி-டாக்கி விழுந்த அதிர்ச்சியில் நொறுங்கியிருந்ததாம், ஒரு காலும் உடைந்திருந்ததாம். ஆனால் விழுந்ததில் சாகவில்லை, புகைந்த பஞ்சு மேலிருந்து கொட்டிக்கொண்டே இருந்ததில்தான் என்று மருத்துவர் சொன்னார். நான் மார்பில் கை வைத்துக்கொண்டு, "என் கட்டடத்துல இப்படி ஒரு பள்ளமா," என்றேன். என்னைத் தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். கொடுத்தவர் நிலைய அதிகாரி.

பிறகு நீங்கள் வந்தீர்கள், கேட்டீர்கள். கொத்தனார் செய்த வேலை, எனக்குத் தெரியாது என்றேன். நீங்கள் நம்பினீர்கள். மைத்துனனுக்கு ஒரே சந்தோஷம். "அத்தான், உரிமையாளருக்கு எதுவுமே தெரிஞ்சிருக்கலைன்னு அவங்களே அறிக்கையில எழுதிட்டாங்க. இதைவிட நல்ல சர்டிபிகேட் உங்களுக்கு வாழ்க்கையில கிடைக்காது."

அந்தச் சர்டிபிகேட்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

அடுத்த கூட்டத்தில் பொருளாளர் எழுந்து, "தன் பில்டிங்குல கெணறு இருக்கிறதே தெரியாதவரு நமக்குத் தலைவரா," என்று கேட்டார். தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பதை விட்ட அந்தச் செயலாளர்தான் முதலில் கைதட்டினார். இப்போது பொருளாளர் தலைவர். அவருக்குத் தன் கடைகளின் எண்ணிக்கையே சரியாகத் தெரியாது. தெருவில் போனால், "பாத்து சார், பள்ளம்," என்கிறார்கள். என் மனைவியும் வீட்டில் இல்லை. தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறாள். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

போன வாரம் கொக்குவின் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். போவது முறை. சின்ன வீடு, சுவரில் ஈரம். அவருடைய மனைவி சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். நான் சொன்ன ஆறுதல் எதையும் அவர் கேட்டதாகத் தெரியவில்லை. திடீரென்று நிமிர்ந்து கேட்டார்.

"சார், அவரு உடனே போயிட்டாரா? இல்லை, அங்க தனியா ரொம்ப நேரம் கெடந்தாரா? யாரைக் கேட்டாலும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

இந்த உலகத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நான். வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து யாரோ உறவுக்காரர் சொன்னார்: "அவரை ஏம்மா கேக்கிற. அவருக்கு என்ன தெரியும். அவரு கட்டடமே அவருக்குத் தெரியாது."

எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அந்த இடத்திலேயே எழுந்துவிட்டேன். அன்றிலிருந்து நடந்துகொண்டேதான் இருக்கிறேன். இன்று நடந்து நடந்து இங்கே வந்துவிட்டேன்.

ஆகவே அறிக்கையைத் திருத்துங்கள். எனக்குத் தெரியும். அந்தக் கட்டடத்தில் எனக்குத் தெரியாத ஒரு செங்கல் கிடையாது. அந்தப் பின்சுவர் ஒற்றைக் கல் சுவர், கலவையில் மணல் அதிகம், நான்தான் அதிகம் போடச் சொன்னேன். நாலு அடி அடித்தால் விழுந்துவிடும். கண்ணாடிக்காரரின் சுத்தியல் மேசைமேல்தான் இருந்தது. எடுத்தும் பார்த்தேன். சந்தேகம் இருந்தால் அதன் பிடியைப் போய்ப் பாருங்கள், துணி சுற்றியிருக்கும்.

எதற்கு எடுத்தேன் என்றால், அவர் தட்டத் தட்ட, நடுக் கண்ணாடியின் ஆணி நழுவிவிட்டது. விழுந்தால் உடைந்துவிடும். பம்பு ஓடிக்கொண்டிருந்த நேரம்தான். அந்த ஆணியைச் சுவரில் திரும்ப அடித்தேன், நன்றாக இறங்கும்படி.

உள்ளே தட்டுவது சட்டென்று நின்றது. பிறகு வேகவேகமாகத் தட்டினார், இரண்டு கையாலும் என்று நினைக்கிறேன். ஏதோ சொல்லிச் சிரித்த மாதிரிகூட இருந்தது. சுவரை உடைக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். விசில் அடங்கும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருப்பார். அவர் தவறாகப் புரிந்துகொண்டதற்கு நான் பொறுப்பாக முடியாது. ஆனால் அந்தம்மா கேட்டதற்கு அதுதான் பதில். அவர் தனியாகக் கிடக்கவில்லை, பக்கத்தில் ஆள் இருந்தது, கடைசிவரை நம்பிக்கையோடுதான் இருந்தார் என்று போய்ச் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள். எனக்கு எல்லாம் தெரியும் என்பது அந்த வீட்டில் இருக்கிறவர்களுக்கும் தெரியட்டும்.